சலங்கையோடு ஒரு ஃபைலும்

டிசம்பர் சீசனில் மாலை நேர மேடை கிடைத்துவிட்டால் அடுத்த வருடம் அமெரிக்கா என்று கணக்குப் போடும் பரதக் கலைஞர்கள் நிறையப் பேர். வெளிநாட்டு அரங்கின் நிர்வாகிக்கு நம் சபாக்களின் பெயர் தெரியாது. அவர் வீடியோவைத்தான் பார்ப்பார். வெட்டி ஒட்டாத பத்து நிமிடம், ஒரே கேமரா, பாதம் ஃப்ரேமுக்குள் தெரிய அனுப்புங்கள். கூடவே ஒரு பக்கக் குறிப்பு. ‘ஈராயிரம் ஆண்டுத் தொன்மை’ எல்லாம் வேண்டாம். இந்த வர்ணத்தை ஏன் இப்படி ஆடுகிறீர்கள் என்பது போதும்.

அடுத்தது விசா. சுற்றுலா விசாவில் போய்ப் பணம் வாங்கி ஆடாதீர்கள், யார் தைரியம் சொன்னாலும். அமெரிக்காவில் மரபுக் கலைகளுக்கு பி-3, தனிச் சாதனையாளர்களுக்கு ஓ-1பி. மனுப் போடுவது அங்குள்ள அமைப்போ ஏஜென்டோ. சான்று திரட்டுவது உங்கள் வேலை. விமர்சனம், அழைப்பிதழ், ஒப்பந்தம் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஸ்கேன் செய்து வையுங்கள். ஊதியத்தில் பொதுவாக 30 சதவீதம் வரியாகப் பிடிப்பார்கள். அதற்கான படிவம் மறு ஆண்டுதான் வரும். விடாமல் கேட்டு வாங்குங்கள், இங்கே வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள அது வேண்டும்.

ஆனால் மேடையை மட்டும் நம்பி வெளிநாட்டில் காலூன்றியவர்கள் குறைவு. 1962-இல் அமெரிக்கா சென்ற பாலசரஸ்வதிக்கே வெஸ்லியன் பல்கலைக்கழக வகுப்பறை ஒரு முக்கியத் தளமாக இருந்தது. ஆராய்ச்சியைக் கால் ஓய்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது, என் பார்வையில், இந்தத் துறையின் மிகத் தவறான அறிவுரை. பத்மா சுப்ரமணியம் கரணங்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அவர் ஆட்டமே அதனால் மாறியது. சதாராவில் உள்ள நடராஜர் கோயிலின் கரணச் சிற்பங்கள் வரை அந்த ஆய்வு போனது.

ஆராய்ச்சிக் கேள்விக்காக வெளிநாடு போக வேண்டியதில்லை. டேவேஷ் சோனேஜியின் 2012 நூல் ‘அன்ஃபினிஷ்டு ஜெஸ்சர்ஸ்’ தேவதாசி மரபுப் பெண்களின் நினைவுகளைத் தேடிக் கடலோர ஆந்திராவுக்கும் விராலிமலைக்கும் வந்தது. அதே விராலிமலையின் சதிர்க் கலைஞர் முத்துக்கண்ணம்மாளுக்கு 2022-இல்தான் பத்மஸ்ரீ. பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருப்பவர்கள் நாம்! உங்கள் பாணியில் ஒரு பதவர்ணம் மூன்று தலைமுறையில் எப்படி மாறியது, நட்டுவனாரின் சொற்கட்டு நோட்டில் என்ன இருக்கிறது என்று இன்றே பதிவு செய்யத் தொடங்குங்கள், உரியவர்களின் அனுமதியோடு.

எங்கே படிப்பது? நடன ஆய்வில் பிஎச்.டி.க்கு கலிஃபோர்னியாவின் ரிவர்சைட் பல்கலைக்கழகம் பேர்போனது. முதுகலைக்கு, நார்வே, பிரான்ஸ், ஹங்கேரிப் பல்கலைக்கழகங்கள் உட்படச் சில சேர்ந்து நடத்தும் ‘கோரியோமுண்டஸ்’ இரண்டாண்டுப் படிப்பைப் பாருங்கள். அமெரிக்க பிஎச்.டி.யைக் கடன் வாங்கிப் படிக்காதீர்கள். கட்டண விலக்கும் உதவித்தொகையும் தரும் இடத்துக்கே விண்ணப்பியுங்கள். பதிலுக்குப் பாடம் எடுக்கச் சொல்வார்கள், அதுவும் அனுபவம்தான்.

புலம்பெயர் குடும்பங்களின் அரங்கேற்றங்களுக்கு நட்டுவாங்கம் செய்யப் போனால் கைக்குக் காசு வரும். போங்கள், ஆனால் வருடம் முழுவதும் அதிலேயே போனால் சொந்தப் படைப்புக்கு நேரம் இருக்காது.

கிளம்பும் முன் ஒன்று: ரெக்கார்டிங்குக்கு ஆடுவதானால் பாடியவர், மிருதங்கம் வாசித்தவர், இசையமைத்தவர் எல்லோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நடன அமைப்பு குருவுடையது என்றால் அவரிடமும்.