வெட்டுண்ட காடு மீண்டும் வளரும் முறை
உலர் வலயக் கமக்காரர் அறிந்திருக்க வேண்டியவை

இலங்கையின் உலர் வலயத்தில் பயிர் செய்யும் கமக்காரருக்குக் காடு அயலான பொருளன்று. குளத்துக்கு நீர் வருவது காட்டின் வழியாகவே. வேலிக் கதியாலும் விறகும் பசளைக் குழையும் மாட்டுக்கு மேய்ச்சலும் அங்கிருந்தே கிடைத்து வந்தன. ஆயினும் வெட்டப்பட்ட காடு தானாகவே வளர்ந்துவிடும் என்று நம்பி அதனைக் கவனியாது விடுவோர் பலர். வெட்டிய இடம் இனி ஒருபோதும் காடாகாது என்று எண்ணி அதனை எரித்துப் பாழாக்குவோரும் உளர். இவ்விரு எண்ணங்களும் முழுவதும் சரியானவையல்ல. உலர்ந்த காடு மீள வளரும் வல்லமை உடையது. ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உள. அவற்றை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

உலர் வலயக் காட்டின் இயல்பு

ஆண்டொன்றுக்கு 1,750 மில்லிமீற்றருக்கு, அதாவது ஏறக்குறைய 70 அங்குலத்துக்குக் குறைவான மழை பெறும் பகுதியையே உலர் வலயம் என்கிறோம். இம்மழையிற் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், ஐப்பசி முதல் தை வரையிலான மாதங்களில் பெய்கின்றது. பின்னர் வைகாசி முதல் புரட்டாதி வரை நீண்ட வறட்சி நிலவும். பாலை, வீரை, முதிரை, கருங்காலி, சாவண்டலை ஆகிய மரங்கள் இவ்வறட்சியைத் தாங்கி வளர்பவை. இவை மெதுவாகவே பருக்கின்றன. அதனாலேயே இவற்றின் வைரம் உறுதியாயிருக்கின்றது. பாலை மரம் புகையிரதப் பாதையின் சிலிப்பர் கட்டைகளுக்கும், முதிரை உயர்ந்த தளபாடங்களுக்கும் பயன்பட்டன. கருங்காலி ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் பிற நாடுகளுக்கு ஏற்றப்பட்டது.

இக்காடு யாவும் மனிதன் கைபடாத ஆதிக்காடு என்று கொள்ளலாகாது. பொலனறுவை இராசதானி 13ஆம் நூற்றாண்டிற் கைவிடப்பட்ட பின்னர், வயலாகவும் குடியிருப்பாகவும் இருந்த நிலங்கள் காடாயின. இன்றும் அடர்ந்த காட்டினுள்ளே உடைந்த குளக்கட்டுகளும் கற்றூண்களும் காணப்படுவது இதற்குச் சான்றாகும். ஆகவே, உழுத நிலமும் காடாக மாறக்கூடியதே. ஆனால் அதற்கு வேண்டிய காலம் ஒரு கமக்காரனின் வாழ்நாளினும் நீண்டது.

அண்மைக் காலத்தில் நிகழ்ந்த அழிவோ மிக விரைவானது. 1956ஆம் ஆண்டில் நாட்டின் நிலப்பரப்பில் 44 சதவீதம் காடாயிருந்தது. 1992ஆம் ஆண்டில் அடர்ந்த காடு ஏறக்குறைய 24 சதவீதமாகக் குறைந்திருந்தது. இயற்கைக் காடுகளில் வணிகத்துக்காக மரம் தறிப்பது 1990ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. முன்னர் தறிக்கப்பட்ட காடுகள் மீள்வதும் மீளாததும் இப்போது அவற்றின் அயலில் வாழ்வோர் நடந்துகொள்ளும் முறையைப் பெரிதும் பொறுத்துள்ளன.

காடு மீளும் மூன்று வழிகள்

முதலாவது, அடிக்கட்டையிலிருந்து தளிர்த்தல். உலர் வலய மரங்கள் பல, வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்தும் வேரிலிருந்தும் தளிர் விடுகின்றன. நிலத்தினடியில் வேர் ஏற்கெனவே ஆழ ஓடியிருப்பதால், இத்தளிர் விதையிலிருந்து முளைத்த கன்றைக் காட்டிலும் வறட்சியை நன்கு தாங்கும். வாழையில் பக்கக்கன்று தாய்க்கிழங்கின் வலிமையால் வளர்வதை இதற்கு ஒப்பிடலாம். மிக முதிர்ந்த மரத்தின் கட்டை தளிர்ப்பது குறைவு. தீயில் வெந்த கட்டை தளிர்ப்பதும் குறைவு; இயந்திரத்தால் வேரோடு பிடுங்கப்பட்ட கட்டை தளிர்ப்பதேயில்லை.

இரண்டாவது, விதையிலிருந்து முளைத்தல். முதிரையின் விதைக்குச் சிறகு போன்ற பகுதியுண்டு; சாவண்டலையின் காய்க்கும் அவ்வாறே. இவற்றைக் காற்று கொண்டு செல்லும். ஆயினும் அதிக தூரம் கொண்டு செல்வதில்லை. ஆகவே தாய்மரம் அருகில் நின்றால் மட்டுமே இவை பரவும். பாலை, வீரை, கருங்காலி ஆகியவற்றின் பழங்களைப் பறவைகளும் குரங்கும் பிற விலங்குகளும் தின்று, விதைகளை வேறிடங்களிற் போடுகின்றன. பாலைப்பழக் காலத்திற் கரடி அம்மரங்களை நாடிச் செல்வதைக் காட்டோரத்தில் வாழ்வோர் நன்கறிவர். வெட்டிய நிலத்தின் நடுவே ஓர் ஆலோ அத்தியோ நின்றால், அதில் வந்து தங்கும் பறவைகளின் எச்சத்திலிருந்து அம்மரத்தடியிற் பல இனக் கன்றுகள் முளைப்பதைக் காணலாம்.

மூன்றாவது, மண்ணில் உறங்கிக் கிடக்கும் விதைகள் முளைத்தல். புல், பூண்டு, செடி ஆகியவற்றின் விதைகளே இவ்வாறு பெரும்பாலும் தங்கியிருக்கும். பெருமரங்களின் விதைகள் பல நெடுங்காலம் உயிர் தாங்குவதில்லை. எனவே, மண்ணிலுள்ள விதையை மட்டும் நம்பினால் பற்றைக்காடு கிடைக்குமேயன்றி மரக்காடு கிடையாது.

வளர்ச்சியின் படிகள்

வெட்டிய முதல் மாரியில் புல்லும் பூண்டும் கொடிகளும் நிலத்தை மூடும். அடிக்கட்டைகள் தளிர் விடும். அடுத்த சில ஆண்டுகளில் ஆவரை, விடத்தல், சூரை, ஈச்சு, நாயுண்ணி முதலியன பற்றையாக வளரும். இப்பற்றையைப் பயனற்றதெனக் கருதி அழிப்பது தவறு. முட்பற்றை மாட்டின் வாயிலிருந்து இளங்கன்றுகளைக் காக்கின்றது; வெயிலைத் தணித்து மண்ணின் ஈரத்தையும் பேணுகின்றது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்த நாயுண்ணி சில இடங்களில் அளவுக்கு மீறி அடர்ந்து, மரக்கன்றுகளை நெரிக்கும். அவ்விடங்களில் கன்றைச் சுற்றியுள்ள நாயுண்ணியை மட்டும் வெட்டி விடுதல் போதுமானது.

பின்னர் ஆத்தி, கொன்றை, வாகை போன்று வெயிலை விரும்பும் மரங்கள் மேலெழும். அவற்றின் நிழலில் வீரை, கருங்காலி முதலியவற்றின் கன்றுகள் மெல்ல மெல்ல வளரும். உலர் வலயக் காடு மழைக்காட்டைப் போன்று மிக உயரமானதன்று. எனவே சில பத்தாண்டுகளில் அது தோற்றத்திற் காடாகிவிடும். ஆனால் முன்பிருந்த மரவினங்கள் யாவும் முன்பிருந்த அளவில் வந்து சேர்வதற்கு அதனினும் மிக நீண்ட காலம் செல்லும்.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாட்டை உணர வேண்டும். நேரிய முதிரையையும் பாலையையும் கருங்காலியையும் தெரிந்து தறித்துவிட்டு, கோணலானவற்றை விட்டுச் சென்ற காடு, தூரத்திற் பார்த்தாற் பச்சையாகவே தோன்றும். ஆயினும் விதை தரவேண்டிய நல்ல மரங்கள் அங்கில்லை. நல்ல நெல் முழுவதையும் விற்றுவிட்டுப் பதரை விதைநெல்லாக வைத்தவனின் வயலைப் போன்றது அக்காடு.

மீள்வதைத் தடுப்பவை

தீ: உலர் வலயக் காட்டில் எழும் தீ ஏறக்குறைய யாவும் மனிதராலேயே மூட்டப்படுகின்றது. ஒரு தடவை எரிந்தால் வேரிலிருந்து தளிர்கள் மீண்டும் எழலாம். ஆண்டுதோறும் எரிந்தால் இளங்கன்றுகள் யாவும் மாண்டு, கினிப்புல்லும் மாணாப்புல்லுமே எஞ்சும். அப்புல் காய்ந்து அடுத்த தீக்கு இரையாகும். இவ்வாறு தீ புல்லை வளர்க்க, புல் தீயை வளர்க்கும்.

இச்சுழலை முறிக்கலாம் என்பதற்கு நடு அமெரிக்காவிலுள்ள கொஸ்தா ரிக்கா நாடு எடுத்துக்காட்டாகும். அங்கே குவானகாஸ்தே என்னும் பகுதியில் உலர்ந்த காடுகள் அழிக்கப்பட்டு, ஆபிரிக்கப் புல் விதைக்கப்பட்ட மேய்ச்சல் நிலங்களாயிருந்தன. 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி முதல் தானியேல் ஜன்சன் என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தோரும் தீயைத் தடுப்பதையே முதல் வேலையாகக் கொண்டனர். புல்லின் உயரத்தைக் குறைப்பதற்கு மாடுகளையும் சில காலம் பயன்படுத்தினர். பெரும்பரப்பில் கன்று நடாமலே, காற்றும் விலங்குகளும் கொணர்ந்த விதைகளால் அந்நிலங்களில் மீண்டும் இளங்காடு எழுந்தது.

மேய்ச்சல்: காலபோகத்தில் வயலிற் பயிர் நிற்பதால் மாடுகளைக் காட்டுக்கு ஓட்டுவது நமது வழக்கம். ஆனால் மழை பெய்து கன்றுகள் முளைப்பதும் தளிர்கள் எழுவதும் அதே காலத்திலாகும். புதிதாக வெட்டிய இடத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளாவது மாடு செல்லாது காத்தால், தளிர்கள் மாட்டின் வாய்க்கு எட்டாத உயரத்தை அடையும்.

சேனை: முன்னோர் ஒன்று அல்லது இரண்டு போகம் செய்தபின், பத்தாண்டுகளோ அதற்கு மேலோ நிலத்தை ஓயவிட்டனர். நிலத்தேவை மிகுந்தபோது அவ்வோய்வு மூன்று நான்கு ஆண்டுகளாகச் சுருங்கியது. கட்டைகளின் வலிமையும் மண்ணின் வளமும் திரும்புவதற்கு அது போதாது. இத்தகைய இளம்பற்றை யானைக்கு நல்ல தீனியாகையால், அருகிலுள்ள தோட்டங்களுக்கும் அதனால் தொல்லை உண்டாகும்.

குளத்துக்கும் காட்டுக்கும் உள்ள தொடர்பு

உலர் வலயத்தின் செங்கபில மண் காய்ந்தால் இறுகும் தன்மையது. இலைச்சருகு மூடியிருக்கும்போது மழைநீர் அதனுட் சுவறும். மூடலற்ற நிலத்திலோ மழைத்துளி மண்ணைக் கலக்கி மேற்பரப்பை இறுக்க, நீர் மண்ணை அரித்துக்கொண்டு குளத்துக்கு ஓடும். குளத்தில் வண்டல் படியப்படிய, அது கொள்ளும் நீர் குறையும். சிறுபோகத்தில் விதைக்கக்கூடிய ஏக்கரும் குறையும். காட்டு மரங்களும் நீரை உறிஞ்சுகின்றன என்பது உண்மையே. ஆயினும் காட்டின் வழியாக வரும் நீர் தெளிந்து, ஆறுதலாக வருகின்றது.

பண்டைய குளக்கிராமங்களில் குளத்தின் மேற்புறத்தே மரச்செறிவொன்றும், அதற்கப்பால் வண்டலை வடிக்கும் புல்நிலமும் விடப்பட்டிருந்தன. கட்டின் கீழ்ப்புறத்திலும் ஒரு மரவரிசை இருந்தது. இவ்வாறு தொடராக அமைந்த குளக்கிராம முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2017ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவமுள்ள விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

கமக்காரர் செய்யத்தக்கவை

1. வைகாசி முதல் ஆவணி வரை சோழகமும் கச்சானும் வீசும் காலத்தில் காட்டோர நிலத்தில் தீ மூட்டலாகாது. காட்டுக்கும் காணிக்கும் இடையே 10 முதல் 15 அடி அகலத்துக்குப் புல்லையும் சருகையும் செதுக்கித் தீத்தடுப்பு வரி அமைக்க வேண்டும்.

2. சொந்தக் காணியில் விறகுக்கு மரம் தறிப்போர், மழைக்கு முன்னர் வறண்ட காலத்தில், நிலத்திலிருந்து 4 முதல் 6 அங்குல உயரத்தில், பட்டை கிழியாதவாறு கூரிய கருவியால் வெட்ட வேண்டும். நீர் தங்காதபடி வெட்டுவாய் சரிவாயிருத்தல் நன்று. முன்கூட்டியே அனுமதி தேவையோவென விசாரித்துக் கொள்க.

3. தளிர்கள் பல எழுந்தால், ஓராண்டின் பின் நேரிய ஒன்றிரண்டை விட்டு ஏனையவற்றை நீக்குக. நீக்கியவை குழைப்பசளைக்கு உதவும்.

4. காணியில் நிற்கும் ஆல், அத்தி, பாலை, முதிரை முதலிய தாய்மரங்களை அழியாது விடுக.

5. கன்று நட விரும்புவோர் முதல் மழையுடன் நடுக. மாரி முடிவில் நட்ட கன்று வேரூன்றுமுன் வறட்சியில் அகப்படும்.

6. குளத்தின் மேற்புறத்துப் பற்றையை வெட்டாது காக்குமாறு கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலே தீர்மானித்து, யாவரும் அதன்படி ஒழுகுக.

7. விறகும் குழையும் காட்டை நாடாமற் பெறுவதற்கு, வேலிகளிற் கிளிசரியா, பூவரசு, கிளுவை ஆகியவற்றை நாட்டுக.

அரச காட்டில் எம்மரத்தையும் வெட்டுவதற்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

காடு மீள்வதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. தீயும் மாடும் கத்தியும் சில ஆண்டுகள் விலகியிருந்தால், மழையும் வேரும் பறவையும் எஞ்சிய வேலையைச் செய்யும். இன்று காக்கப்படும் முதிரைக் கன்று நமக்கு மரமாகாது. நம் பிள்ளைகளுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்குமே மரமாகும். ஆனால் அதன் நிழலில் தங்கும் மண் வரும் மாரியிலேயே நம் குளத்துக்கு உதவத் தொடங்கும். மேலதிக விபரங்களை அறிய விரும்புவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.