விசாரணை அதிகாரியும் பந்தோபஸ்தும்

கேள்வி: வழக்கைத் துப்பறியும் போலீஸ் அதிகாரிக்கு அதற்கென்று பயிற்சி உண்டா? ஸ்டேஷனில் எல்லோரும் எல்லா வேலையும் பார்க்கிறார்களே!

பதில்: உண்டு. நேரடியாகத் தேர்வாகும் நம் எஸ்.ஐ.க்கள் வண்டலூரை அடுத்த ஊனமாஞ்சேரி போலீஸ் அகாடமியில் படிக்கிறார்கள். சிபிஐக்கு காஸியாபாத்தில் தனி அகாடமி. சிக்கலே அதற்கப்புறம்தான். பகலெல்லாம் பந்தோபஸ்துக்கு நின்றுவிட்டு ராத்திரி கேஸ் டைரி எழுத உட்காருபவரிடம் என்ன நுணுக்கத்தை எதிர்பார்ப்பது? விசாரணையையும் சட்டம் ஒழுங்கையும் பிரிக்கச் சொல்லி, பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2006இல்!

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்கள் வேலையை இன்னும் கூட்டிவிட்டன. சோதனை, பறிமுதல் எல்லாவற்றையும் வீடியோ எடுக்க வேண்டும். செல்போன் பதிவைச் சாட்சியமாகக் கொடுத்தால் சான்றிதழில் அதன் ‘ஹாஷ்’ மதிப்பையும் குறிக்க வேண்டும். கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு அடியோடு மாறிவிடும். அங்கே தவறினால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம். இதை ஒருநாள் வகுப்பில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சிலைடு போட்டுக் காட்டிப் புரியவைக்க முடியாது. கையில் போனைக் கொடுத்துச் செய்துபார்க்கச் சொல்ல வேண்டும்.