பல் வேரைக் கழுவ எந்த மருந்து நல்லது?



சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கரையில் சும்மா இருந்த சொத்தைப் பல், நாலைந்து பாகம் ஆழம் போனதும் சுத்தியலால் அடித்தாற்போல் தெறிக்கும். பல்லுக்குள் அடைபட்ட காற்று, நீரின் அழுத்தத்தில் சுருங்கி விரிவதால் வரும் வலி அது. கிராம்பு வைத்தால் கொஞ்ச நேரம் அடங்கும், அவ்வளவுதான். உள்சதை அழுகிவிட்டால் பல்லைப் பிடுங்க வேண்டும். இல்லையேல் வேர் சிகிச்சை செய்ய வேண்டும்.

வேருக்குள் நூல் போன்ற குழாய் இருக்கிறது. டாக்டர் அதை மெல்லிய அரத்தால் சுரண்டுவார். ஆனால் குழாய்க்குச் சந்து பொந்துகள் உண்டு. அரம் எட்டாத இடத்துக்கு மருந்துதான் போக வேண்டும்.

முதல் மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட். கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடருக்கு நெருங்கிய சொந்தம். நம் உப்பளத்து உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் இது உண்டாகும். முதல் உலகப் போரில், 1915-இல், டேக்கின் என்ற வேதியியலார் இதை அரை சதவீதக் கரைசலாக்கிப் போர்ப்புண் கழுவக் கொடுத்தார். பல் வேருக்கு அரை முதல் ஐந்தேகால் சதவீதம் வரை பயன்படுத்துகிறார்கள். கிருமியைக் கொல்வதோடு அழுகிய சதையையும் கரைத்துவிடும். வேர்நுனி தாண்டிக் கசிந்தால் மட்டும் கடும் வலியும் வீக்கமும் வரும். டாக்டர் மெதுவாகத்தான் விடுவார்.

இரண்டாவது குளோர்ஹெக்சிடின், 2 சதவீதம். கிருமியைக் கொல்லும், பல்லில் ஒட்டி நின்று காவலும் காக்கும். சதையைக் கரைக்காது. ஆகவே தனியாக இதை மட்டும் நம்ப முடியாது. இரண்டு மருந்தும் கலந்தால் செம்பழுப்புக் கசடு படியும் என்பதால் நடுவில் உப்புநீர் விட்டு அலசுவார்கள்.

மூன்றாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. வேறொன்றுமில்லை, நீற்றிய சுண்ணாம்புதான்! இது கழுவுவதற்கல்ல, ஒரு வாரம்போல உள்ளே வைத்து மூடுவதற்கு. (வெற்றிலைச் சுண்ணாம்பை வீட்டிலேயே பல் குழியில் வைத்துவிடாதீர்கள், வாய் வெந்துபோகும்.)

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். "வலி போயிட்டுல்லா, இனி எதுக்கு?" என்று மறு தேதிக்குப் போவதில்லை. தற்காலிக அடைப்பு தேய்ந்து எச்சில் இறங்கினால், எந்த மருந்தால் கழுவியதும் வீண். அந்த அடைப்போடு சங்கு குளிக்க இறங்கவும் கூடாது. டாக்டரிடம் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள்.

மனைவி முழுகாமல் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும். நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை இந்தச் சிகிச்சைக்கு வசதியான காலம். கடையில் தானாக வாங்கும் வலி மாத்திரைகளில் சில வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு.

தாடையோ கழுத்தோ வீங்கி, விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமானால், கொடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.