எது தீர்ந்தால் என்ன ஆகும்? – பள்ளிக்கு ஒரு கொள்முதல் திட்டம்

பள்ளி மானியம் வந்துசேர்ந்ததும் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி, "எந்தக் கடையில் விலை குறைவு?" என்பதுதான். நியாயமான கேள்வி. மூன்று விலைப்புள்ளி வாங்கி, குறைந்ததைத் தேர்ந்தெடுத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் தணிக்கைக்கும் பதில் இருக்கிறது. ஆனால் அது வாங்கும் முறை மட்டுமே. எதை, எவ்வளவு, எப்போது வாங்குவது, எது தீர்ந்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசித்து வைப்பதைத்தான் கொள்முதல் திட்டம் என்கிறோம்.

வணிகவியல் வகுப்பில் இதற்கு நான் எடுத்துக்கொள்ளும் பாடம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் தொடங்கப்பட்ட இந்த அரசு நிறுவனம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்குகிறது. முதலில் அத்தியாவசிய மருந்துப் பட்டியல் தயாராகிறது. டெண்டர் இரண்டு உறைகளில் வரும். தகுதி உறையில் தேறியவர்களின் விலை உறைதான் பிரிக்கப்படும். வந்த மருந்தின் மாதிரிகள், தயாரிப்பாளர் யாரென்று தெரியாதபடி குறியீட்டு எண்ணுடன் ஆய்வகத்துக்குப் போகும். மருந்து மாவட்டக் கிடங்குகளில் இருக்கும். மருத்துவமனைகள் பாஸ்புக்கில் உள்ள தொகைக்குள் வேண்டியதை எடுத்துக்கொள்ளும். விலை பேசுவது ஓரிடம், தேவையைச் சொல்வது பயன்படுத்துபவர். மாணவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

பொருள்களை வகைப்படுத்த ஒரு வழியை 1983-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் பீட்டர் கிராலிச் எழுதினார். பொருள் நமக்கு எவ்வளவு முக்கியம், கிடைப்பது எவ்வளவு கடினம் என்ற இரண்டு கேள்விகளே அதன் அடிப்படை. எங்கும் கிடைக்கும் சாக்பீசுக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். தொகை பெரிதாகவும் கடைகள் பலவாகவும் இருக்கும் காகிதம், அச்சுப் பணிக்கு விலை பேசலாம். விலை சிறிது, ஆனால் கிடைப்பது அரிது என்றால் இருப்பில் வைத்தே ஆக வேண்டும்.

இந்த வகையை விளக்க எங்கள் ஊரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த வீடுகளின் பிள்ளைகள் வகுப்பில் இருக்கக்கூடும் என்பதால் ஆட்களைப் பற்றிப் பேசுவதில்லை, மருந்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன். மெத்தனால் நஞ்சுக்கு முறிமருந்தான ஃபோமெபிசோல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. இத்தகைய மருந்து பல ஆண்டுகள் தொடப்படாமல் காலாவதியாகலாம். தேவைப்படும் நாளிலோ விலைப்புள்ளி கேட்க நேரம் இருக்காது. காலாவதியானதை மாற்றும் செலவை வீண் என்று எழுதும் தணிக்கையாளரோடு நான் வாதாடத் தயார்.

பள்ளியில் இதற்கு இணையானவை முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், தண்ணீர் மோட்டாரின் உதிரிப் பாகம். கல்வராயன் மலைப் பள்ளிகளில் இந்தப் பட்டியல் இன்னும் நீளும். வெள்ளிமலைக்கு மேலே உள்ள ஊருக்கு ஒரு குழாய்த் திருகு வேண்டுமென்றால் மலையிறங்கி வரவேண்டும். பொருளின் விலையைவிட வண்டிச் செலவு கூடுதல், ஓர் ஆசிரியரின் ஒரு நாளும் போய்விடும். அருகிலுள்ள பள்ளிகள் பருவத்துக்கு ஒருமுறை சேர்ந்து பட்டியல் போட்டு ஒரே வண்டியில் கொண்டுவரலாம். பில் மட்டும் பள்ளிவாரியாகத் தனித்தனியே இருக்க வேண்டும்.

எப்போது வாங்குவது என்பதற்கு எளிய கணக்கு போதும். மாதம் 8 லிட்டர் பினாயில் செலவாகி, வந்துசேர 15 நாள் ஆகுமென்றால், அந்த இடைவெளிக்கு 4 லிட்டர் தேவை. தாமதத்துக்கு 2 லிட்டர் சேர்த்தால், இருப்பு 6 லிட்டரைத் தொடும்போதே கேட்புக் கடிதம் போக வேண்டும். பள்ளி மானியத்தில் குறைந்தது 10 விழுக்காடு தூய்மைப் பணிக்கு என்பதால் முதல் கணக்கை இங்கிருந்தே தொடங்கலாம்.

பதினோராம் வகுப்பினரைப் பள்ளிக்கான பட்டியல் போடச் சொன்னேன். மாணவர்கள் 'தீரவே கூடாதவை' என்ற தலைப்பில் தீயணைப்பானையும் மோட்டார் பாகத்தையும் எழுதினார்கள். மாணவிகள் முதல் வரியில் எழுதியது சானிட்டரி நாப்கின். அரசு வழங்குவது தாமதமானால் என்ன செய்வது என்று கேட்டு, மாதத் தேவையையும் அவர்களே கணக்கிட்டிருந்தார்கள். அந்தத் தாளை அப்படியே அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தோம். இரண்டு மாத இருப்பு வைப்பதென்று தீர்மானமாகியுள்ளது.