பவர்ஷெல் படிக்கத் தொடங்கும் மகளுக்கு

ரொறன்ரோ

அன்பு மகள்,

உன் கடிதம் கிடைத்தது. இறுப்பிட்டியில் இருந்து தினமும் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் வேலை பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் நம் ஊரின் பழைய சிறப்பு மலர்களைக் கணினியில் ஒழுங்குபடுத்துகிறாய் என்று அறிய மனம் நிறைந்துவிட்டது. 1991இல் எங்கள் தீவை விட்டு வெளிக்கிட்டபோது எங்கள் வீட்டில் விட்டுவந்த புத்தகங்கள் ஒன்றும் திரும்பக் கிடைக்கவில்லை. மிச்சமிருப்பதை நீ காப்பாற்றுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளுகிறது.

நீ கேட்டது இரண்டு. சீ ஷார்ப் வடிவாகத் தெரிந்த ஒருத்தி பவர்ஷெல்லை ஏன் மினக்கெட்டுப் படிக்கவேண்டும் என்பது ஒன்று. மலர்களின் பட்டியலைச் சீஎஸ்வி கோப்பாக எடுத்தபோது தமிழ்ப் பெயரெல்லாம் ஏன் கேள்விக்குறியாக வந்தது என்பது மற்றது. பயந்துபோய் எழுதியிருக்கிறாய், அதனால் இரண்டாவதை முதலில் சொல்கிறேன்.

உன் மூலக் கோப்புகளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. வின்டோஸோடு கூடவே வருகிற பவர்ஷெல் 5.1இல், எக்ஸ்போர்ட்-சீஎஸ்வி கட்டளைக்கு எந்தக் குறியாக்கம் என்று சொல்லாவிட்டால் அது ஆஸ்கியில் எழுதும். ஆஸ்கியில் மொத்தம் 128 குறியீடுகள்தான். தமிழுக்கு அங்கே இடமில்லை. இடமில்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடும், பிழைச்செய்தி ஒன்றும் வராது. செட்-கொன்டென்ட் கட்டளை கணினியின் பழைய ஆன்சி குறிமுறையில் எழுதும். வின்டோஸில் தமிழுக்கென்று ஆன்சி குறிமுறை இருந்ததே இல்லை, ஆகவே அங்கேயும் இதே கதிதான். தமிழ் தொடும் எந்த இடத்திலும் குறியாக்கத்தை வாய்திறந்து சொல்லிப் பழகு. பவர்ஷெல் 7ஐயும் நிறுவிக்கொள், 5.1ஐ அகற்றத் தேவையில்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 7 தானாகவே யூடிஎஃப்-8இல் எழுதும். ஆனால் அந்தச் சீஎஸ்வியை ஊர் வாசிகசாலைக்காரர் எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறப்பார்கள் என்றால், தலையில் அடையாள பைட்டுகள் உள்ள யூடிஎஃப்-8 வகையையே கேட்டு வாங்கு. இல்லாவிட்டால் எக்செல் அதை வேறு குறிமுறையாக எடுத்துக் குழப்பிவிடலாம்.

எதிர்ப்பக்கமாகவும் ஒன்று நடக்கும். கட்டளை தட்டுகிற பழைய கறுப்புத் திரையில் தமிழ் பெட்டி பெட்டியாகத் தெரியும், கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக நிற்கும். அது அந்தத் திரைக்குத் தமிழை வரையத் தெரியாததால் வருவது. உள்ளே எழுத்து பத்திரமாக இருக்கும். ஆக, திரையில் நல்லதாகத் தெரிந்தது கோப்பில் அழிந்திருக்கலாம், திரையில் அலங்கோலமானது கோப்பில் முழுதாக இருக்கலாம். எனக்கு உன்னிடம் சொல்ல இருப்பது இதுதான் பிள்ளை: திரையில் தெரிகிறதை வைத்து வேலை செய்யாதே, உள்ளே இருப்பது என்ன என்று அதையே கேள். பவர்ஷெல் அப்படிக் கேட்பதற்காகவே செய்யப்பட்டது.

இனி உன் முதல் கேள்வி. பவர்ஷெல்லைச் செய்த ஜெஃப்ரி ஸ்னோவர் மைக்ரோசொஃப்டில் முதலில் யுனிக்ஸ் கருவிகளை வின்டோஸுக்குக் கொண்டுவரத்தான் பார்த்தார். யுனிக்ஸில் 1973இலிருந்தே பைப் இருக்கிறது. ஒரு நிரல் எழுத்தைத் துப்ப, அடுத்தது அதை வாங்கி வெட்டும். அங்கே அமைப்புகளெல்லாம் எழுத்துக் கோப்புகள், ஆகவே அது நன்றாக ஓடியது. வின்டோஸில் எல்லாம் ரெஜிஸ்ட்ரிக்குள்ளும் நிரல் இடைமுகங்களுக்குப் பின்னாலும் கிடந்தன. வெட்டுவதற்கு எழுத்தே இல்லை. 2002இல் அவர் மொனாட் என்ற பெயரில் தன் திட்டத்தை எழுதினார். 2006 நவம்பரில் பவர்ஷெல் வெளிவந்தது. 2016 ஓகஸ்டில் மூலநிரலைத் திறந்து, லினக்ஸுக்கும் மாக்குக்கும் விட்டார்கள்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுக்குச் சாமான் ஏற்றும்போது ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கொடுப்பதை நீ கண்டிருப்பாய். மூட்டையே கைக்குக் கை வருகிறது; வாங்குகிறவன் தூக்கிப் பாரம் பார்க்கலாம், அவிழ்த்துப் பார்க்கலாம். பவர்ஷெல்லின் பைப்பில் போவதும் அப்படித்தான். கோப்புறையில் உள்ளதைக் காட்டும் கெட்-சைல்ட்ஐட்டம் தருவது கோப்புப் பெயர் எழுதிய வரி இல்லை, கோப்பைக் குறிக்கும் டொட் நெட் பொருள். அதற்கு அளவு உண்டு, கடைசியாக மாற்றிய நேரம் உண்டு. அந்த நேரம் உண்மையான திகதி வகை. 05/06 என்பது யூனா மேயா என்று நீ ஊகிக்க வேண்டியதில்லை. எந்தக் கட்டளையின் விளைவையும் கெட்-மெம்பருக்கு அனுப்பிப் பார், அது என்ன வகை, அதற்கு என்னென்ன பண்புகள், என்னென்ன செய்யும் என்று வரிசையாகச் சொல்லும். முதல் மாதம் முழுக்க இதையே செய். அட்டவணையாகக் காட்டும் ஃபோர்மட்-டேபிளை வரிசையின் கடைசியில் மட்டும் வை. நடுவில் வைத்தால் அதற்குப் பிறகு போவது பார்வைக்கான வார்ப்புத்தான், உன் கோப்பு இல்லை.

சீ ஷார்ப் தெரிந்த உனக்கு இதில் பெரிய லாபம் உண்டு. நிரல் எழுதித் தொகுத்து ஓட்டாமல் அதே டொட் நெட் வகுப்புகளை வரியிலேயே கூப்பிட்டுச் சோதிக்கலாம். இன்றைக்கே ஒன்று செய். நம் ஊர்ப் பெயரை மேற்கோளுக்குள் எழுதி அதன் லெங்த் என்ன என்று கேள். 11 என்று வரும். விரல்விட்டு எண்ணினால் 6 எழுத்துத்தானே. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடாக இருப்பதால் அப்படி. ஸ்ட்ரிங்இன்ஃபோ வகுப்பின் லெங்த்இன்டெக்ஸ்ட்எலிமென்ட்ஸ் பண்பைக் கேட்டால் 6 என்று சரியாகச் சொல்லும். யாரோ ஒருவர் தரவுத்தளத்தில் ஊர்ப்பெயருக்குப் பத்து இடம் என்று ஒதுக்கினால் நம் ஊர் ‘இறுப்பிட்ட’ என்று வெட்டுப்பட்டு நிற்கலாம். உன் நிறுவனத்தில் அந்த இடம் தமிழுக்குப் போதுமா என்று கேட்க நீ ஒருத்தியாவது இருக்கவேண்டும்.

பாமினி எழுத்துரு விஷயம் இதைவிடச் சிக்கல். தொண்ணூறுகளில் தட்டெழுதிய மலர்கள் பல அந்த எழுத்துருவில்தான் இருக்கும். கண்ணுக்குத் தமிழ், கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். மாற்றும்போது ஒற்றைக்கு ஒற்றை மாற்றினால் போதாது. பாமினியில் ‘கொ’ எழுதக் கொம்பு முதலில் வரும், பிறகு ககரம், பிறகு கால். யூனிகோடில் ககரம் முதலில். நீளமான சேர்க்கைகளை முதலில் மாற்றி, தனிக் குறிகளைக் கடைசியில் மாற்று. முடிந்ததும் ஸ்ட்ரிங்கின் நோர்மலைஸ் செயலைக் கூப்பிடு. கொம்பும் காலும் தனித்தனியாகச் சேமிக்கப்பட்ட ‘கொ’வும் ஒரே குறியீடான ‘கொ’வும் பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும், தேடும்போது ஒன்று மற்றதைக் கண்டுபிடிக்காமல் போகும்.

பெயர் மாற்றும் கட்டளை, அழிக்கும் கட்டளை எதையும் முதலில் வட்இஃப் போட்டே ஓட்டு. என்ன செய்யப்போகிறது என்று சொல்லும், செய்யாது. அந்த வெளியீட்டை ஆறுதலாக வாசித்த பிறகு வட்இஃப்பை எடுத்துவிட்டு ஓட்டு. இணையத்தில் கண்ட ஸ்கிரிப்டை வாசிக்காமல் ஓட்டாதே. எக்சிகியூஷன் பொலிசி தடுக்கிறது என்று அதைத் திறந்துவிடவும் வேண்டாம்; அது பாதுகாப்புச் சுவர் இல்லை, ஆனால் கைதவறிச் செய்வதைத் தடுக்கும். ஸ்கிரிப்டில் கட்டளைகளை முழுப்பெயரில் எழுது. சுருக்கப்பெயர்கள் இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும்.

எல்லாவற்றையும் இதிலேயே செய் என்று நான் சொல்லவில்லை. வெளி நிரல்களின் வெளியீடு இங்கேயும் வெறும் எழுத்து வரிகளாகத்தான் வரும். லினக்ஸ் சேவரில் ஏற்கெனவே பாஷில் நன்றாக ஓடுகிற ஒன்றைப் பிடுங்கிப் போடவும் தேவையில்லை. ஸ்கிரிப்ட் வளர்ந்து வகுப்புகள் கேட்கத் தொடங்கினால் சீ ஷார்ப்புக்குப் போ.

அடுத்த சனிக்கிழமை மலர்களில் இருபது கோப்புகளை மட்டும் வேறு கோப்புறைக்குப் பிரதி எடு. மூலங்களைத் தொடாதே. அதில் பாமினி மாற்றத்தை ஓட்டி, மாற்றிய ஒரு பக்கத்தை அம்மாவிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல். அவ எங்கே தடக்குப்படுகிறாவோ அந்த எழுத்துகளைக் குறித்து, உன் மாற்று அட்டவணையோடு எனக்கு அனுப்பு. நான் இங்கே பார்த்துத் திருத்தி அனுப்புகிறேன்.

அன்புடன்,
பெரியம்மா