திரையிலிருந்து தொடங்கு

மருமகனுக்கு,

உன் கடிதமும் அதனோடு நீ அனுப்பியிருந்த விலைப்பட்டியலும் கிடைத்தன. கல்யாணப் படங்கள் எடுப்பதையே ஜீவனமாகக் கொள்வதென்று நீ தீர்மானித்திருப்பதும், அதற்காக 70,000 ரூபாய்க்குள் ஒரு கணினி வாங்க உத்தேசித்து என் அபிப்பிராயத்தைக் கேட்டிருப்பதும் எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்தன. பட்டியலை நிதானமாக வாசித்தேன். பணத்தில் பாதிக்குச் சமீபமான தொகை கிராபிக்ஸ் கார்டுக்குப் போகிறது. மானிட்டர் என்ற இடத்திலோ அங்குல அளவைத் தவிர வேறொரு விவரமும் இல்லை. விளையாட்டுக்காகக் கணினி வாங்கும் பிள்ளைக்கு அது பொருத்தமாக இருக்கலாம். படத்தைத் திருத்திப் பிழைக்கப் போகிறவனுக்கு அது தலைகீழான பட்டியல்.

வெளிச்சத்தைக் கூட்டுவதா குறைப்பதா, முகத்தில் மஞ்சள் மிகுந்திருக்கிறதா, நிழலுக்குள் இருக்கும் தாத்தாவின் வேட்டிக்கரையை மேலே கொண்டுவருவதா என்று நீ செய்யும் தீர்மானம் ஒவ்வொன்றும் திரை காட்டுவதை நம்பிச் செய்யப்படுவது. எடைக்கல்லே குறைவாயிருக்கும்போது தராசு எவ்வளவு நயமானதாயிருந்தும் என்ன பிரயோஜனம்? குறைந்த விலை லேப்டாப்கள் பலவற்றின் திரையும் மலிவான மானிட்டர்கள் சிலவும் சிவப்பையும் பச்சையையும் அவற்றின் முழு ஆழத்தோடு காட்ட வல்லவை அல்ல. மணப்பெண் உடுத்தியிருக்கும் அரக்குப் பட்டு அத்தகைய திரையில் வெளிறித் தோன்றும். நீ வர்ணத்தை ஏற்றுவாய். உன் கண்ணுக்கு அது சரியென்று படும் நிலை வரும்போது, கோப்பிலுள்ள சிவப்பு தன் எல்லையைக் கடந்து, நெசவின் இழையும் மடிப்பின் நிழலும் ஜரிகையின் நுணுக்கமும் ஒன்றாய்க் கரைந்து ஒரு சிவப்புத் திட்டாகியிருக்கும். அது ஆல்பம் அச்சாகி அந்த வீட்டார் கைக்குப் போன பிறகே தெரியவரும்.

ஆகையால் மொத்தத் தொகையில் நான்கில் ஒரு பங்கையாவது மானிட்டருக்கென்று முதலில் ஒதுக்கிவிடு. எச்.பி., மைக்ரோசாப்ட் ஆகிய இரண்டு கம்பெனிகள் சேர்ந்து 1996-இல் வகுத்த எஸ்ஆர்ஜிபி என்னும் வர்ண எல்லைதான் இன்றும் பெரும்பாலான ஆல்பம் லேப்களுக்குப் பொதுவான அளவு. அந்த எல்லையில் 99 சதவீதமாவது காட்டுவதாக விவரத்தாளில் எழுதியிருக்கவேண்டும். சில விவரத்தாள்களில் இது என்டிஎஸ்சி என்ற வேறொரு கணக்கில் இருக்கும்; அதில் 72 சதவீதம் என்றால் ஏறத்தாழ முழு எஸ்ஆர்ஜிபி என்று கொள்; 45 சதவீதம் என்று கண்டால் அதை விட்டுவிடு. பக்கவாட்டில் தலையைச் சாய்த்தாலும் நிறம் மாறாத ஐபிஎஸ் திரையாக இருக்கட்டும். இயன்றால் 27 அங்குலத்தில் 2560க்கு 1440 புள்ளிகள் கொண்டது. இயலாவிட்டால் 24 அங்குலத்தில் 1920க்கு 1080 போதும். வளைந்த திரை வேண்டாம். நேர்கோடுகளைச் சரிபார்க்கும் வேலைக்கு அது இடைஞ்சல்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான் போட்டோ ஸ்டூடியோ நடத்திய காலமெல்லாம் நம் ஜனங்களின் மேனி நிறத்தை உள்ளபடியே அச்சில் கொண்டுவருவதற்கு நாங்கள் மிகவும் பாடுபட்டோம். கோடாக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பிவந்த ‘ஷர்லி’ அட்டையில் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் முகம்தான் நெடுங்காலம் வர்ணத்துக்குப் பிரமாணமாக இருந்தது. அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது அக்காலத்துக் கணக்கு. மாநிறமும் கறுப்பும் அந்தக் கணக்கில் சேரவில்லை. இன்று பிரமாணம் உன் மேஜையின்மேலேயே இருக்கிறது. நீலம் தூக்கலான திரையின் முன் அமர்ந்து, கறுத்த பெண்ணின் முகம் சாம்பல் பூத்தாற்போலத் தெரிகிறதே என்று நீ அதை வெளுப்பாக்கத் தொடங்கினால், அவள் தன் கல்யாண ஆல்பத்தில் தன்னையே காணமாட்டாள். கறுப்பு நிறத்துக்குள் இருக்கும் செம்மையையும் பொன்மையையும் பிரித்துக் காட்டும் திரையை நீ தேடவேண்டும் என்பதே என் முதல் வேண்டுகோள்.

நல்ல மானிட்டரையும் கடையிலிருந்து வந்தபடியே நம்பக்கூடாது. கடைவீதி வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்பொருட்டுப் பெரும்பாலும் மிகுந்த பிரகாசத்தில் வைத்தே அனுப்புவார்கள். அந்தப் பிரகாசத்தில் திருத்திய படங்கள் அச்சில் இருண்டு வரும். வெண்மை 6500 கெல்வின், காமா 2.2, பிரகாசம் சதுர மீட்டருக்கு 100 முதல் 120 கேண்டெலா என்று அமைத்துக்கொள். இதை அளந்து திருத்த, கேலிப்ரேட்டர் என்னும் சிறு கருவி இருக்கிறது, விலை அதிகம். உன்னோடு தொழில் செய்யும் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்றை வாங்கி, மாதம் ஒருமுறை கைமாற்றிக்கொண்டால் யாருக்கும் பாரமில்லை. இன்னொன்று, உன் அறையின் சுவர் இளம்பச்சை என்று ஞாபகம். அந்தப் பச்சை உன் கண்ணை ஏமாற்றிக்கொண்டே இருக்கும். திரைக்குப் பின்னாலுள்ள சுவருக்கு மட்டுமாவது மங்கலான சாம்பல் வர்ணம் பூசிவிடு.

கணினியைப் பற்றி இனிச் சுருக்கமாகச் சொல்கிறேன். லேப்டாப் வேண்டாம், அதே பணத்துக்கு அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் கூடுதல் திறன் தரும், பிற்பாடு ஒவ்வொரு பாகமாக மாற்றவும் இடம் கொடுக்கும். உன் காமிரா 24 மெகாபிக்சல். அந்தப் படம் 16 பிட்டில் விரிந்தால் ஒரு லேயர் மாத்திரமே சுமார் 144 எம்பி இடம் கொள்ளும். பத்து லேயர் போட்டால் ஒன்றரை ஜிபியை நெருங்கும். ஆகவே ராம் 16 ஜிபிக்குக் குறையக்கூடாது. இன்னும் 16 சேர்ப்பதற்கு மதர்போர்டில் ஸ்லாட் காலியாக இருக்கட்டும். ஆறு கோர் உள்ள, கிராபிக்ஸ் உள்ளேயே அமைந்த பிராசஸர் இப்போதைக்குப் போதுமானது. லைட்ரூமில் 2023-இல் வந்த, இரைச்சல் நீக்கும் ஏஐ வசதிபோன்ற சில காரியங்களுக்குத்தான் தனிக் கிராபிக்ஸ் கார்டு பெரிதும் உதவும். இரண்டு சீசன் சம்பாதித்த பின் அதை வாங்கலாம். அதற்கு இடம் வைத்து, பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் மட்டும் பெயர்பெற்ற கம்பெனியுடையதாய், தேவைக்குச் சற்று அதிகமான வாட்ஸில் வாங்கு. கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ் எனக்குச் சம்மதமில்லை.

மென்பொருளுக்கும் பணம் தேவைப்படுமே என்று எழுதியிருந்தாய். டார்க்டேபிள், ராதெரபி, கிம்ப் ஆகிய மூன்றும் இலவசம். ஒரு கல்யாணத்தின் முழு வேலையையும் அவற்றிலேயே முடிக்கலாம். திருட்டு போட்டோஷாப் போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொன்னால் தயவுசெய்து வேண்டாமென்று சொல். தன் உழைப்பைப் பிறர் எடுத்துக்கொண்டால் மனம் நோகிற தொழிலில் இருப்பவன் நீ. தவிர, அத்தகைய பிரதிகளோடு வைரஸும் கூட வருவதுண்டு.

சேமிப்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. வேலை நடக்கும் படங்களுக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி. வேலை முடிந்தவற்றுக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க். ஒரு கல்யாணத்தில் 2,000 ரா கோப்புகள் எடுத்தால், ஒன்று 30 எம்பி வீதம் 60 ஜிபி ஆகும். ஒரு முகூர்த்த மாதத்திலேயே எவ்வளவு சேருமென்று கணக்கிட்டுப் பார். புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பிரசித்தப்படுத்திய முறையொன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். வெளிப்புற ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கி உன் அம்மா வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு, மாதந்தோறும் புதுப்பித்து வா. அந்தத் தாலிகட்டு மறுமுறை நடக்கப்போவதில்லை. படம் போனால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து ஈடு செய்துவிட முடியாது. கோப்பு எழுதப்படும்போது மின்சாரம் போனாலும் நஷ்டமே என்பதால், கணினியை ஒழுங்காக அணைக்கச் சில நிமிஷ அவகாசம் தரும் யுபிஎஸ் ஒன்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்.

சென்னை ரிச்சி தெருவுக்குப் போகும்போது நீயே எடுத்த படங்கள் சிலவற்றைப் பென் டிரைவில் கொண்டுபோ. கறுத்த முகம் ஒன்று, பட்டுப்புடவை ஒன்று, வெள்ளை வேட்டி ஒன்று இருக்கட்டும். கடையில் ஓடும் விளம்பரப் படத்தைப் பார்த்து எந்த மானிட்டரையும் முடிவு செய்யாதே. ஜிஎஸ்டி பில் இல்லாமல் எதையும் வாங்காதே; வாரண்டி கேட்கப் போகும்போது அது வேண்டும். திருத்திய பட்டியல் தயாரானதும் எனக்கு அனுப்பு. மானிட்டரின் மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை முழுமையாக எழுதும்படி கடைக்காரரிடம் சொல், அந்த ஓரெழுத்தில்கூடத் திரையின் வகை மாறிவிடுவதுண்டு.

இப்படிக்கு,
உன் மாமன்