சுகர் மிஷினும் நமது தராசும்

கடையில் உள்ள மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்குகிறோம். தட்டில் தூசி இருந்தால் துடைக்கிறோம். காலையில் கடை திறந்ததும் காலித் தட்டுக்குப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே முதல் பொட்டலத்தை நிறுக்கிறோம். பத்து கிராம் பிசகினால் வாடிக்கையாளரும் கேட்பார், அதிகாரியும் கேட்பார். இப்போது நம்மில் பலரது கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு அளவைக் கருவியும் வந்துவிட்டது. குளுக்கோமீட்டர் என்பது அதன் பெயர்; நாம் சுகர் மிஷின் என்கிறோம். இதற்கு முத்திரை போட யாரும் நம் கடைக்கு வருவதில்லை. ஆனால் இது காட்டும் எண்ணை நம்பித்தான் மாத்திரையும் இன்சுலினும் உடம்புக்குள் போகின்றன.

குன்னூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் விஷயம் விளங்கும். அவர் பல ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஒரு நாள் முற்பகல் முழுவதும் மலைத்தேனை டின்னிலிருந்து புட்டிகளில் ஊற்றி மூடிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் வந்ததும் கையைத் துண்டில் துடைத்துவிட்டு விரலில் குத்திப் பார்த்தார். மிஷின் 318 என்றது. பதறிப்போய், டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் சில யூனிட் கூட்டிப் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மேட்டுப்பாளையத்திலிருந்து சரக்கு வண்டி வந்து நின்றது. இறக்கி முடித்துச் சாப்பிடலாம் என்று நின்றவருக்குச் சிறிது நேரத்தில் வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பில்லில் இருந்த எண்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கடைப் பையன் அலமாரியில் இருந்த குளுக்கோஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கரைத்துக் கொடுத்ததால் தப்பினார். மறுநாள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குத்துவதற்கு முன்னால் கையைக் கழுவினீர்களா?" என்பதுதான்.

துடைத்த விரலில் அப்படி எவ்வளவு தேன் இருந்துவிடப் போகிறது என்று நமக்குத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்ட்ரிப் உறிஞ்சும் இரத்தம் ஒரு மைக்ரோ லிட்டர் அல்லது அதிலும் குறைவு. ஒரு மில்லியை ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோ லிட்டர். மிஷின் 100 என்று காட்டினால் 100 மில்லி இரத்தத்தில் 100 மில்லி கிராம் குளுக்கோஸ் என்று பொருள். அதை ஒரு மைக்ரோ லிட்டருக்குக் கொண்டு வந்தால், அந்தச் சொட்டில் இருக்கும் குளுக்கோஸ் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. விரலில் ஒட்டிய தேனிலிருந்து இன்னும் இவ்வளவே குளுக்கோஸ் கலந்தாலும் 100 என்பது 200 ஆகிவிடும். நமது எந்தத் தராசிலும் முள் அசையாத எடை இது.

இதில் எல்லாச் சரக்கும் ஒன்றல்ல. ஸ்ட்ரிப்பில் தடவியிருக்கும் நொதி குளுக்கோஸை மட்டும் தேடிப் பிடிப்பது. தேன், பேரீச்சை, உலர்திராட்சை, வெல்லம், பழச்சாறு ஆகியவற்றில் குளுக்கோஸ் தனியாகவே இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ். அது வயிற்றுக்குள் போய்த்தான் உடைய வேண்டும். ஆகவே சர்க்கரை மூட்டையைவிட வெல்ல மூட்டையும் பேரீச்சைப் பெட்டியும்தான் மிஷினை அதிகம் ஏமாற்றுபவை. ஆனால் வியாபார நேரத்தில் எந்த விரலில் எது ஒட்டியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கழுவிவிடுவதே வழி.

ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். போதாது. 2011-ல் ஜப்பானியர் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோய் இல்லாதவர்களை ஆரஞ்சு, திராட்சை, கிவி பழங்களை உரிக்கச் சொல்லி, பிறகு விரலில் குத்திப் பார்த்தார்கள். எண் தாறுமாறாக ஏறியிருந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த பிறகும் இறங்கவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகே உண்மை எண் வந்தது.

எனவே சோப்பும் தண்ணீரும் வேண்டும். வெந்நீராக இருந்தால் இன்னும் நல்லது. நம் குளிரில் விறைத்த விரலுக்கு இரத்தமும் வரும். கழுவிய பின் ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஈர விரலில் சொட்டு நீர்த்துப்போய் எண் குறைத்துக் காட்டும். குத்தும் இடம் விரல் நுனியின் நடுப்பகுதி அல்ல, பக்கவாட்டு. அங்கே வலி குறைவு. நாளெல்லாம் பணம் எண்ணும் நமக்கு அது முக்கியம். குத்திய பின் பிழிந்து பிழிந்து எடுக்கக் கூடாது. தசை நீரும் கலந்துவிடும். கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரலை நோக்கி மெல்ல நீவினால் போதும். பயணத்தில் தண்ணீரே கிடைக்காவிட்டால் முதல் சொட்டைத் துடைத்து எறிந்துவிட்டு இரண்டாவது சொட்டை வைக்கலாம். கழுவுவதற்கு அது ஈடாகாது, அவசரத்துக்கு உதவும்.

எதிர்பாராத எண் வந்தால் அதை நம்பி ஊசியைக் கூட்டுவதற்கு முன் கையைக் கழுவி இன்னொரு ஸ்ட்ரிப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு ஸ்ட்ரிப் வீணாகிறதே என்று யோசிக்க வேண்டாம். இதற்கு மறுபக்கமும் உண்டு. வியர்க்கிறது, நடுங்குகிறது, மிஷினோ 130 என்கிறது. கையில் ஒட்டிய இனிப்பு 60-ஐ 130 ஆக்கியிருக்கலாம். அந்த நேரத்தில் உடம்பு சொல்வதைக் கேட்க வேண்டும். 70-க்குக் கீழே போனால் தாழ்நிலை. 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அகார்போஸ், வோக்லிபோஸ் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை உடைந்து சேரத் தாமதமாகும். அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடரே சரி. சீசன் நாட்களில் மூன்று மணிக்குச் சாப்பிடும் பழக்கம் உள்ளவர்கள் கல்லாவிலேயே ஒரு பாக்கெட் வைத்திருப்பது நல்லது.

மழையும் குளிரும்

மழைக்காலத்தில் திறந்து வைத்த அப்பளம் நமத்துப் போவது நமக்குத் தெரியும். ஸ்ட்ரிப்பும் அப்படித்தான். அது வருகிற டப்பாவின் மூடியிலோ உட்சுவரிலோ ஈரத்தை உறிஞ்சும் பொருள் வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் டப்பாவை 'டக்' என்று சத்தம் வரும்படி மூட வேண்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுவரே வியர்க்கிறது. குன்னூர், கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழை. இந்த மாதங்களில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனால் டப்பா முழுவதும் கெட்டுப்போகும். கெட்டது கண்ணுக்குத் தெரியாது. அப்பளமாவது தொட்டால் தெரியும்!

ஸ்ட்ரிப்பை வேறு டப்பாவுக்கு மாற்றுவது, இரண்டு டப்பாவை ஒன்றாகக் கொட்டுவது, நாலைந்தைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைப்பது எல்லாம் தவறு. ஃப்ரிட்ஜிலும் வைக்கக் கூடாது. டப்பா மேல் அச்சிட்ட காலாவதி தேதி பிரிக்காத டப்பாவுக்கு உரியது. பிரித்த பின் சில கம்பெனி ஸ்ட்ரிப் மூன்று மாதம், சில ஆறு மாதம் என்று தாளில் போட்டிருப்பார்கள். பிரித்த அன்றே தேதியைப் பேனாவால் டப்பாவில் எழுதிவிட வேண்டும். சரக்குக்குத் தேதி பார்த்து அடுக்கும் நமக்கு இது புதிதல்ல.

குளிர் அடுத்த எதிரி. பெரும்பாலான மிஷின்கள் 10 டிகிரி முதல் 40 டிகிரி வரைதான் சரியாக வேலை செய்யும். உதகையில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் அதிகாலையில் பூட்டிய கடைக்குள் 10 டிகிரிக்கு எங்கே போவது? மிஷின் வெப்பமானிப் படத்தையோ பிழை எழுத்தையோ காட்டி நின்றுவிடும். பழுதாகிவிட்டது என்று தட்டிப் பார்க்க வேண்டாம். ஹீட்டர் மேலும், கரி அடுப்புப் பக்கத்திலும் வைத்துச் சூடாக்கவும் வேண்டாம். ஸ்வெட்டருக்கு உட்பையில் மிஷினையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் இருபது நிமிடம் வைத்திருந்தால் போதும். இரவில் கடையில் விடாமல் வீட்டுக்கு எடுத்துப் போவது அதைவிட நல்லது. குளிரில் பேட்டரியும் சோர்ந்துவிடும். பல மிஷின்களில் 2032 எண் கொண்ட நாணய பேட்டரிதான். உபரியாக ஒன்று இருக்கட்டும். மாற்றியதும் தேதி, மணி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய் வருபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். காலையில் ஊட்டிக் குளிரில் கிளம்பிய மிஷின் இரண்டு மணி நேரத்தில் சமவெளி வெயிலில் இருக்கிறது. வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டு ஏலத்துக்குப் போனால் ஸ்ட்ரிப் வெந்துவிடும்; அதைப் பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. கையோடு பையில் எடுத்துப் போகவும். இறங்கியதும் சோதிக்காமல் மிஷின் அந்த இடத்துச் சூட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் விடவும்.

மலை உயரத்தால் எண் மாறுமா என்ற கேள்வியும் அடிக்கடி வருகிறது. காரணம் உண்டு. சில ஸ்ட்ரிப்களில் இருக்கும் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் நொதியின் வேலையில் ஆக்ஸிஜன் குறுக்கிடும். ஆக்ஸிஜன் மிகவும் குறைந்த இடத்தில் எண் கூடுதலாக வரலாம். 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். ஆனால் பல கம்பெனிகள் ஏறத்தாழ 3,000 மீட்டர் வரை சரியாக இருக்கும் என்று தாளில் போடுகிறார்கள். நமது தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். வாங்கும்போது தாளில் அந்த வரியைப் பார்த்துக்கொண்டால் போதும். உயரத்தைவிட இரத்த சோகை பெரிய காரணம். சோகை உள்ளவர்களுக்கு எண் கூட்டிக் காட்டும். நம்மிடம் கணக்கு வைத்திருக்கும் எஸ்டேட் குடும்பங்களில் யாரேனும் கேட்டால் இதைச் சொல்லலாம்.

முத்திரை போடும் வழி

எடைக்கல் வைத்துத் தராசைச் சோதிப்பது போல மிஷினைச் சோதிக்கவும் வழி உண்டு. கன்ட்ரோல் சொல்யூஷன் என்று சிறு புட்டியில் திரவம் வரும். இரத்தத்துக்குப் பதில் அதில் ஒரு சொட்டை வைத்தால், ஸ்ட்ரிப் டப்பாவின் லேபிளில் அச்சிட்ட இரண்டு எண்களுக்கு நடுவே விடை வர வேண்டும். புது டப்பா பிரிக்கும்போது, மிஷின் கீழே விழுந்தபோது, எண்ணில் சந்தேகம் வரும்போது இதைச் செய்யலாம். திரவத்துக்கும் பிரித்த பின் ஆயுள் குறைவு. பலவற்றுக்கு மூன்று மாதம். பழைய மாடல் மிஷின்களில் ஸ்ட்ரிப் டப்பாவில் உள்ள கோடு எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு மிஷினைக் குறை சொல்பவர்கள் உண்டு.

லேபில் 200 வந்தது, மிஷினில் 220 வந்தது, ஆகவே மிஷின் பொய் என்று தூக்கிப் போட வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 15197 தர அளவையின் 2013 பதிப்பின்படி, 100-ம் அதற்கு மேலும் உள்ள எண்களில் நூற்றுக்கு 95 தடவை 15 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. 200 என்றால் 170 முதல் 230 வரை. 100-க்குக் கீழே 15 புள்ளி கூடவோ குறையவோ இருக்கலாம். ஒப்பிடுவதை வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். சாப்பிட்ட பின் விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரை, நரம்பில் எடுக்கும் இரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இத்தனை சொன்னாலும் இந்தக் கருவி வந்த கதை நமக்குப் பெருமூச்சு வரவைப்பது. 1970 வாக்கில் அமெரிக்காவில் வந்த முதல் மிஷின் ஒரு கிலோவுக்கு மேல் எடை. டாக்டர்களுக்கு மட்டும் விற்றார்கள். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற பொறியாளர், சிறு வயது முதல் சர்க்கரை நோயாளி, டாக்டரான தம் மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கித் தமக்குத் தாமே சோதித்துக்கொண்டார். இன்றோ, 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தன்னார்வலப் பெண்கள் இதைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக வருகிறார்கள். அவர்கள் பார்ப்பது முதல் கட்டச் சோதனைதான். நோய் இருக்கிறது, இல்லை என்று முடிவு செய்வது ஆஸ்பத்திரி லேப். நம் மிஷினுக்கும் அதே எல்லை.

வாங்கும்போது மிஷின் விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். மிஷின் ஒருமுறைச் செலவு. ஸ்ட்ரிப்தான் வாழ்நாள் செலவு. அந்த ஸ்ட்ரிப் நம் ஊர் மருந்துக் கடையில் தொடர்ந்து கிடைக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். பில் கேட்டு வாங்கவும். வாடிக்கையாளர் கேட்கிறார் என்று நம் மளிகைக் கடையில் வைத்து விற்கவும் எண்ண வேண்டாம். 2022 செப்டம்பரில் திருத்திய மருத்துவக் கருவிகள் விதிகளின்படி, மருந்து உரிமம் இல்லாதவர் இவற்றை விற்கத் தனிப் பதிவுச் சான்று வேண்டும்.

மிஷினை மிளகாய்த்தூளும் மாவும் பறக்கும் இடத்தில் திறந்து வைக்காமல் உறையில் வைக்கவும். லேசாக ஈரமான துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடைக்கலாம். ஸ்ட்ரிப் நுழையும் வாயில் நீரோ ஸ்பிரிட்டோ போகக் கூடாது. முதலாளியும் பையன்களும் ஒரே மிஷினில் பார்த்துக்கொள்ளும் கடைகள் உண்டு. லான்செட் ஊசியும் அதைக் குத்தும் பேனாவும் ஒருவருக்கு ஒன்றாகத் தனித்தனியே இருந்தாக வேண்டும். மஞ்சள் காமாலை பி, சி கிருமிகள் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்திலும் பரவும். பயன்படுத்திய ஊசியைக் குப்பைத் தொட்டியில் போட்டால், கையால் பிரிக்கும் துப்புரவுத் தொழிலாளியைக் குத்தும். நம் ஊரில் தொட்டியைக் குரங்கும் காட்டெருமையும் வேறு கவிழ்க்கின்றன. மூடியுள்ள கெட்டியான காலி டின்னில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை ஒட்டி ஆஸ்பத்திரியில் கேட்டு ஒப்படைக்கலாம்.

எண்களை மிஷினின் நினைவிலேயே விட்டுவிடாமல் ஒரு சிறு நோட்டில் தேதி, மணி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, அன்றைய மருந்து என்று நான்கு பத்தி கோடு போட்டு எழுதி வரவும். டாக்டரிடம் போகும்போது நோட்டோடு மிஷினையும் ஸ்ட்ரிப் டப்பாவையும் எடுத்துப் போய், அவர் முன்னால் ஒருமுறை குத்திக் காட்டவும். குன்னூர் நண்பர் இப்போது அப்படித்தான் செய்கிறார். கடையின் பின்பக்கக் குழாயில் ஒரு சோப்பும் தொங்குகிறது.